ஏழாம் நம்பர் மலையும் இரண்டு மடங்கு கன்வெர்ட்டரும்

"குளவிக்கூடு காணப்படும் மலையில், கூடு அகற்றப்பட்டு, வெளிக்கள உத்தியோகத்தர் நேரில் பார்த்து உறுதி செய்த பின்னரே கொழுந்து பறிக்கத் தொழிலாளர்கள் அனுப்பப்படுவர்."

ராகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில், மூன்று மொழிகளில் இப்படி எழுதி மாட்டியிருக்கிறார்கள். பலகை இருக்கும் இடம் பெரட்டுக் களம். காலையில் ஆட்களை நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர் பெரட்டு. மலை என்றால் மலை இல்லை. தேயிலைக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டு, மலை என்கிறார்கள். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் நான். கடைப்பிடிக்க நினைக்கும் விதியை அலுவலகங்கள் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளும். பலகையில் எழுதி மாட்டுவது மற்ற விதிகளை.

நான் இலங்கைக்குப் போனது குளவிக்காக இல்லை, கொண்டைக்குருவிக்காக. திருச்சியில் எங்கள் புகைப்படக் கழகம் வருடத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கும். அந்த மலைநாட்டில் மட்டுமே வாழும் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியைப் படம் பிடித்துக் காட்டுகிறேன் என்று ஒரு கூட்டத்தில் வாய் விட்டுவிட்டேன். கழகத்தில் பாதிப் பேர் பல் மருத்துவர்கள். அவர்கள் லென்ஸைத் தூக்கவே தனியாக ஓர் ஆள் வருவான். என்னிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய 70–300 ஜூம். அதை அறுநூறாக நீட்ட, காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் குட்டை உருளை ஒன்றை வாங்கினேன். டெலிகன்வெர்ட்டர் என்பார்கள். இரண்டு மடங்கு. பெட்டியில் "எல்லா லென்ஸுக்கும் பொருந்தும்" என்று அச்சிட்டிருந்தது. பொருந்தத்தான் செய்தது. செருப்பும்தான் எல்லாக் காலுக்கும் பொருந்தும், வெட்டிக்கொள்ளத் தயாராக இருந்தால்.

கழகத்தின் செயலாளர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது டிகிரி காபியில தண்ணி ஊத்தற மாதிரி" என்றார். டம்ளர் நிறையும் என்றேன்.

சனிக்கிழமை ரயிலில் ஏறினேன். வட்டவளை தாண்டியதும் தேயிலை தொடங்கியது. அதோடு வெளிநாட்டுக்காரர்கள் கதவில் தொங்குவதும் தொடங்கியது. ஒருத்தி வெளியே சாய்ந்து கூந்தலைப் பறக்கவிட, அவள் நண்பன் செல்போனில் எடுத்தான். இருநூறு முறை எடுத்திருப்பான். இருநூறிலும் தேயிலை பின்னால் மங்கலாக இருந்திருக்கும். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு சிங்களப் பெரியவர்கள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார். "விழுந்தால் ரயிலை நிறுத்துவார்கள்" என்றாராம் ஒருவர். "நிறுத்தினால் எனக்கு ஹட்டனில் பஸ் போய்விடும்" என்றாராம் மற்றவர். மனிதநேயம் எல்லா நாட்டிலும் ஒரே அளவில்தான் இருக்கிறது.

நுவரெலியாவைக் குட்டி இங்கிலாந்து என்கிறார்கள். கூம்புக் கூரை, சிவப்புத் தபால் நிலையம், புல்தரை, குதிரை. நம் ஊட்டியிலும் இதே சரக்குதான். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும் அவன் விட்டுப்போன கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நல்ல விஷயம், ரொட்டி. தேங்காய்ப்பூ போட்டுத் தடியாகத் தட்டிய ரொட்டியும், அம்மியில் அரைத்த கட்டச் சம்பலும். முதல் வாயில் கண்ணில் நீர் வந்தது. இரண்டாம் வாயில் திருச்சிக் கடைகளின் சட்னியை நினைத்து வெட்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ப் பூங்காவில் என் கன்வெர்ட்டர் தன் சுயரூபத்தைக் காட்டியது. விஷயம் இதுதான். இரண்டு மடங்கு நீட்டினால் நான்கில் மூன்று பங்கு வெளிச்சம் போய்விடும். 5.6 என்று திறக்கும் லென்ஸ் 11 ஆகிவிடும். என் பழைய காமிராவின் ஆட்டோ ஃபோகஸ் அந்த இருட்டில் கை விரித்துவிடும். மோட்டார் முன்னும் பின்னும் உறுமும், ஒன்றும் பிடிக்காது. வியூஃபைண்டரில் பார்த்தால் சாயங்காலம் ஏழு மணி போலிருக்கும். கொண்டைக்குருவி ஒரு கிளையில் வந்து உட்கார்ந்து, காதைக் காட்டி, கழுத்தைச் சாய்த்து, நான் கையால் ஃபோகஸைத் திருகி முடிப்பதற்குள் எழுந்து போனது. போகிற அவசரம் எதுவும் அதற்கு இல்லை. நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் மஞ்சள் கலந்த மூட்டம்.

திங்கட்கிழமை ராகலைக்குப் பஸ். அங்கே பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டில் அறை ஏற்பாடாகியிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், ஊரே அவரை மாஸ்டர் என்றது. பஸ் மூன்றாவது வளைவில், லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத்தாள் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் நின்றது. லாரிக்காரனும் எங்கள் டிரைவரும் ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டி, யார் பின்னால் எடுப்பது என்று விவாதித்தார்கள். இருபது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, இருவரும் மச்சான் மைத்துனர். விவாதம் ஒரு கல்யாணத்தைப் பற்றியது.

மாஸ்டர் வீட்டில் இடியப்பமும் சொதியும் தந்தார்கள். "சேர், வெள்ளனப் போனால் தேயிலைக்குள்ள நிறையக் குருவி பாக்கலாம்" என்றார் மாஸ்டர். வெள்ளன எழும் வயதெல்லாம் போய்விட்டது. அன்று மதியமே போனேன்.

தோட்டத்துப் பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்து, தேயிலைக்கு நடுவே நின்ற ஒரு பெரிய சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். மேலிருந்து பெண் குரல்கள் வெடித்தன.

"அய்யா! அய்யோவ்! அந்தப் பக்கம் போவாதீங்க!"

"குளவி இருக்குங்க! அப்படியே பின்னால வாங்க, ஓடாதீங்க!"

ஓடாமல் பின்னால் வருவது அறுபத்தாறு வயதில் எளிது. பத்துப் பன்னிரண்டு பெண்கள், முதுகில் கொழுந்துச் சாக்கு, கையில் மட்டக்கம்பு. செடியின் மேல்மட்டம் ஒரே உயரமாக இருக்கிறதா என்று படுக்க வைத்துப் பார்க்கும் மெல்லிய நேர்க்கம்பு அது. நான் மட்டப்பலகை வைத்துச் சம்பளம் வாங்கியவன், மரியாதையோடு பார்த்தேன்.

அவர்களில் முன்னால் வந்தவர் மகேஸ்வரி. நாற்பதை நெருங்கும் வயது. என் காமிராவைத்தான் பார்த்தார். "இந்தக் கொழாயில தூரத்துல உள்ளது கிட்டத் தெரியுமாங்க?"

தெரியும் என்றேன். மனசாட்சி உறுத்தியது.

"அப்ப அந்தக் கூட்ட ஒரு படம் புடிச்சுக் குடுங்க. உள்ள குளவி இருக்கறது தெரியணும். வியாழக்கெழமைக்குள்ள வேணுங்க."

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஏழாம் நம்பர் மலை. ஒவ்வொரு மலைக்கும் ஏழு நாளுக்கு ஒரு முறை கொழுந்துச் சுற்று வரும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை, அதாவது செடி வரிசை. மகேஸ்வரியின் நிரை அந்த மரத்துக்கு நேர் கீழே போகிறது. ஐந்து சுற்றுக்கு முன்னால் அவருடைய நாத்தனார் பாக்கியத்தைக் குளவி கொட்டியது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. ஒரு கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. அதிலிருந்து நாலு சுற்றாக மரத்தடிச் செடிகளை யாரும் தொடவில்லை. கண்டாக்கு, அதாவது பலகை சொல்லும் அந்த வெளிக்கள உத்தியோகத்தர், "அது பழைய கூடு, காலியா கெடக்கு" என்கிறார். வரும் வியாழன் மரத்தடியையும் எடுக்க வேண்டும். எடுக்காதவளுக்கு அரைப் பேர். பேர் என்பது ஒரு நாள் வேலை செய்ததாகப் போடும் பதிவு. அரைப் பேர் என்றால் நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதி நாள்தான் நின்றாய்.

"கிட்டப் போய்ப் பாக்கச் சொல்லுங்களேன் அவரை" என்றேன்.

"சொன்னோம்ங்க. அவருக்கு அன்னிக்கு முட்டி வலி."

பெண்கள் சிரித்தார்கள். ஒரு கிழவி, "கூடு இருக்கற மலைக்கு மட்டும் வர்ற முட்டி வலிங்க அது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மரத்துக்கு எதிரே, ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தேன். கண்ணளவில் எழுபது மீட்டர். அதற்கு மேல் கிட்டப் போக மகேஸ்வரி விடவில்லை. நான் எல்லா முட்டாளும் செய்வதைச் செய்தேன்: ஜூமைக் கடைசி வரை இழுத்து, கன்வெர்ட்டரை மாட்டி, கையில் பிடித்து, மூச்சை அடக்கிச் சுட்டேன். ராகலைக் கடைத்தெருவில் போட்டோப் பிரதியும் போன் கார்டும் விற்கும் கடையில் அச்சுப் போட்டு, சாயங்காலம் கண்டாக்குவிடம் கொண்டுபோனோம்.

நல்ல ஸ்வெட்டர் போட்ட மனிதர். படத்தை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "இது என்னங்க சார், பலாக்காயா?"

சில்வர் ஓக்கில் பலா காய்ப்பதில்லை என்றேன்.

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா படம் அப்படித்தானே சொல்லுது?"

முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பேருடைய வரைபடத்தை நான் இதே குரலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் குரல் எதிர்ப் பக்கம் நிற்பவனுக்கு எப்படிக் கேட்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

இரவு முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் பொய். மாஸ்டர் வீட்டில் ரொட்டியும் பருப்பும் தின்று நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் புத்தி தெளிந்திருந்தது. கன்வெர்ட்டர் எதையும் புதிதாகக் காட்டுவதில்லை. லென்ஸ் காட்டுவதைப் பெரிதாக்கும். லென்ஸின் குறையையும், கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். என் மாதிரி மலிவான ஜூமுக்குக் கடைசி முனைதான் பலவீனம். ஆகவே முந்நூறில் எடுக்கக் கூடாது, இருநூற்றைம்பதுக்குப் பின்வாங்க வேண்டும். லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாயை ஒரு படி சுருக்க வேண்டும். அதனால் இன்னும் இருட்டும், ஷட்டர் மெதுவாகும், ஆகவே காமிரா அசையவே கூடாது. வியூஃபைண்டரை மறந்துவிட்டு, பின்திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். பொத்தானை விரலால் அழுத்தினாலும் ஆடும். இரண்டு விநாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பல் மருத்துவர்கள் இதில் எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அவர்கள் தெரிந்துகொண்டதும் இல்லை.

ஒரே குறை, முக்காலி. அது திருச்சியில் பரண் மேல் பத்திரமாக இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் பெண்கள் ஓடைக்கு இந்தப் பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் காமிராவை எதன் மேல் வைப்பது என்று விழிப்பதைப் பார்த்து, மகேஸ்வரி தன் முதுகிலிருந்த சாக்கை இறக்கினார். பாதி நிறைந்த கொழுந்துச் சாக்கு. வாரி வெட்டினாற்போல் சமமாக இருந்த தேயிலைச் செடிகளின் மேல் இரண்டு மட்டக்கம்புகளைக் குறுக்கே போட்டு, அதன் மேல் சாக்கை வைத்து, நடுவில் கையால் ஒரு குழி அமுக்கினார். லென்ஸ் அதில் குழந்தை மாதிரி படுத்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து மணல் பை வாங்குகிறவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

"கொழுந்து நசுங்குமேம்மா."

"நசுங்குனா கணக்கப்புள்ள கத்துவாரு. கத்தட்டும், அவரு கத்தாத நாளு ஏது? சீக்கிரம் புடிங்க, மூட்டம் வருது."

மூட்டம் வந்தது, விலகியது, வந்தது. விலகிய நேரமெல்லாம் சுட்டேன். பத்து மடங்கு பெரிதாக்கிய திரையில் முதன்முறையாகக் கூட்டைப் பார்த்தேன். பூசணிக்காய் அளவு, சாம்பல் நிறத்தில் வரி வரியாக. கிழக்கே பார்த்து ஒரு வாய். வாயைச் சுற்றி மஞ்சள் பட்டை போட்ட உடம்புகள் நெளிந்தன. மகேஸ்வரியும் குனிந்து திரையைப் பார்த்தார். பாக்கியம் கொஞ்சம் தள்ளி நின்றார். கூப்பிட்டும் வரவில்லை.

கடைசியில் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, லென்ஸை எழுபதுக்குச் சுருக்கி, மரம், சுற்றியுள்ள செடி, ஓடை எல்லாம் வரும்படி ஒரு படம் எடுத்தேன். இது தொழில் பழக்கம். ஒரு கல்லை அளந்தால் அது எந்த வயலில் நிற்கிறது என்றும் காட்ட வேண்டும். அதற்கும் மேலே ஒரு படி, காலையில் முதல் படத்துக்கு முன்பே போயிருந்தேன். சான்றுக்குத் தேதி வேண்டும் என்று, படத்தின் மூலையில் தேதி விழும் வசதியைக் காமிராவில் போட்டு வைத்திருந்தேன். அதைச் செய்தபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மூன்று படங்கள் தேறின. மதியம் அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு நானும் மகேஸ்வரியும் போனோம். கண்டாக்கு முதல் படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. குளவியை எண்ணலாம் போலிருந்தது. பிறகு அவர் கண் மூலைக்குப் போனது. முகம் மலர்ந்தது.

"சார், தேதியப் பாத்தீங்களா?"

பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று. வருவதற்கு முன் பேட்டரியை மாற்றியிருந்தேன். பழைய காமிரா, அதன் கடிகாரம் பிறந்த நாளுக்குத் திரும்பிவிட்டது. எல்லா நடைமுறையும் தெரிந்தவன் தேதியைச் சரிபார்க்கவில்லை.

"எட்டு வருஷத்துக்கு முந்தி கூடு இருந்திருக்கும். நான் இல்லேன்னு சொல்லல. அதத்தானே பழைய கூடுங்கறேன்." படங்களை நேர்த்தியாக அடுக்கித் திருப்பித் தந்தார். "சார் படிச்சவங்க. ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்னும் கொஞ்சம் இனிமையாகச் சொல்லியிருப்பேன். திரும்பி நடக்கும்போது மகேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்த அந்தக் கடைசிப் படத்தில் நின்றுவிட்டார். "இது ஒண்ண நான் வச்சுக்கவாங்க?" என்றார். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வியாழக்கிழமை பெரட்டுக்கு நானும் போனேன். வெளியாள் நிற்கக் கூடாத இடம், யாரும் தடுக்கவில்லை. குளிரில் எல்லோரும் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். கையில் ப்ளேன்டீ. இங்கே சீனியைத் தேநீரில் கலப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிறார்கள். ஏழாம் மலை என்று கண்டாக்கு சொன்னதும் மகேஸ்வரி முன்னால் போனார்.

"அய்யா, இந்தப் படம் எட்டு வருஷத்துக்கு முந்திதாங்களே?"

"தேதி போட்டிருக்குல்ல?"

"எட்டு வருஷத்துக்கு முந்தி ஏழாம் மலையில தேயிலையே இல்லீங்களே. பழைய செடியப் புடுங்கிட்டு, மண்ணு தேறட்டும்னு மானாப்புல்லு போட்டிருந்தோம். நட்டதே நாங்கதான். பாக்கியம், நீயும்தானே?"

"ரெண்டு வருஷம் புல்லு" என்றார் பாக்கியம். அந்த ஐந்து நாளில் அவர் வாயிலிருந்து நான் கேட்டது அது மட்டும்தான்.

"அதுக்கப்புறம்தான் கன்னு வச்சது. படத்துல பாருங்க, மரத்தச் சுத்திக் கொழுந்து எடுக்கற செடி. புல்லு நின்ன வருஷத்துல இந்தச் செடி எங்கேர்ந்து வந்துச்சு?" மகேஸ்வரி விரலைப் படத்தின் மேல் நகர்த்தினார். "சுத்தியும் மட்டமா இருக்கு. மரத்தடியில மட்டும் முத்திப்போயி ஒரு மொழம் ஒசந்து நிக்குது. நாலு சுத்து எடுக்காத செடி. போன கெழமைக்கு முந்தி எடுத்திருந்தாக்கூட இந்த ஒசரம் வந்திருக்காது. தேதிய மிஷினு தப்பாப் போடும்ங்க. செடி தப்பாப் போடுமா?"

கண்டாக்கு படத்தை வாங்கினார். இந்த முறை மூலையைப் பார்க்கவில்லை. தொழில் தெரிந்த மனிதர்; செடியைப் பார்த்தார். புல் நட்ட வருடமும் கன்று வைத்த வருடமும் என்னைவிட அவருக்குத்தான் தெரியும். பின்னால் யாரோ ஒருத்தி, "முட்டி வலி எப்படிங்கய்யா இருக்கு?" என்று கேட்டாள். களம் முழுக்கச் சிரித்தது.

"சரி சரி. மரத்தடியில ரெண்டு நிரைய இன்னிக்கு விட்டுட்டு மத்ததை எடுங்க. பேர் முழுசாப் போடறேன். இந்தச் சுத்துக்கு மட்டும்தான். கூட்டை எடுக்கறது தொரை முடிவு. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுப்பதுதானே எனக்குத் தெரிந்த ஒரே கலை. அன்று மதியம் அதே கடையில் உட்கார்ந்து மனுவை எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு மூன்று, தேதிப் பிழைக்கு விளக்கம் ஒரு பத்தி, பலகையிலுள்ள விதி மேற்கோளாக. மனுதாரர் மகேஸ்வரி, கீழே பதினொரு கையெழுத்து. ஒரு பிரதி தோட்டத்துத் துரைக்கு, அதாவது மேனேஜருக்கு; ஒன்று நகரத்தில் தொழிலாளர் குறைகளை விசாரிக்கும் அலுவலகத்துக்கு. பதில் அனுப்ப வேண்டிய முகவரியை நானே அழகாக எழுதினேன்: மகேஸ்வரி, லயம் நான்கு, வீடு ஆறு, தோட்டத்தின் பெயர், ராகலை. லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். தோட்ட அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றதற்கு முத்திரையும் வாங்கினேன். குமாஸ்தா முத்திரையைத் தேடக் கால்மணி நேரம் ஆனது. இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். கொண்டைக்குருவி கிடைக்கவே இல்லை. கண்காட்சியில் என் படச்சட்டம் காலியாக இருந்தது. செயலாளர் காபியைப் பற்றி மறுபடி சொன்னார்.

ஊருக்கு வந்த ஏழாம் நாள் மகேஸ்வரியிடமிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது.

"அய்யா, நல்லா இருக்கீங்களா? கூட்ட எடுத்தாச்சுங்க. தொரை ஆளு யாரும் வரல. மறு சுத்து வர்றதுக்குள்ள எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனாரும்தான் போனாங்க, மழையோட மழையா, விடியக்கருக்கல்ல. ஒங்க படத்த நல்லாப் பாத்துட்டுத்தான் போனாங்க. வாய் கெழக்கால இருக்குன்னு தெரிஞ்சதுனால மேக்கால ஏறி, பின்னாலேர்ந்து சாக்கப் போட்டு மூடிட்டாங்க. கீழேர்ந்து பாத்தா வாய் எங்கன்னே தெரியாதுங்க. தெரியாமப் போயிருந்தா நேரா அதுக்கு முன்னாலதான் ஏறியிருப்பாங்களாம். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. நேத்து என் நிரையில நின்னு எடுத்தேன்."

அந்தச் செய்தியை நான்கு முறை கேட்டேன். கன்வெர்ட்டரைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பதில் வராத மனு எனக்குப் பல்லில் சிக்கிய நார். நகரத்து அலுவலகத்துக்கு முதல் நினைவூட்டு அனுப்பினேன், இரண்டாவது அனுப்பினேன், ஆடியில் மூன்றாவது. ஐப்பசியில் மாஸ்டரைத் தொலைபேசியில் பிடித்து, ஒரு அலுவலகம் இப்படியா இருக்கும் என்று பொரிந்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், நீங்கள் என்ன விலாசம் குடுத்தனீங்கள்?" என்றார்.

சொன்னேன்.

"லயத்துக்கு விலாசம் எண்டு ஒண்டும் இல்லை சேர். தபால்காரர் லயத்துக்குப் போறதில்லை. அந்தத் தோட்டத்துச் சனத்துக்கு வாற கடிதம் எல்லாம் தோட்டக் கந்தோருக்குத்தான் போகும். அவை குடுக்கேக்கதான் குடுப்பினம். நீங்கள் என்ரை விலாசத்தைப் போட்டிருக்கலாம். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

ஆக, தோட்டத்தின் மேல் எழுதிய புகாருக்கு வரும் பதிலைத் தோட்டத்தின் அலுவலகமே வாங்கி வைத்துக்கொள்ள நான் ஏற்பாடு செய்திருக்கிறேன். அழகான கையெழுத்தில்.

பிறகு ஒரு நாள், நகரத்து அலுவலகத்தின் பதில் கடிதத்தை மகேஸ்வரி படம் எடுத்து அனுப்பினார். செல்போன் படம், துளி நடுக்கம் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் கூர்மை. "மேற்படி ஏழாம் இலக்க மலையில் குளவிக்கூடு எதுவும் இல்லை என்று தோட்ட நிர்வாகம் அறிவித்துள்ளது. ஆகவே மேல் நடவடிக்கை தேவையில்லை எனத் தங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது."

கூடவே குரல் செய்தி. "பதில் வந்திருச்சுங்கய்யா. 'திருமதி'ன்னு போட்டிருக்காங்க. கூடு இல்லேன்னு எழுதியிருக்காங்க, அது நெசந்தான். யாரு இல்லாம ஆக்குனாங்கன்னு ஒரு வரி சேத்திருக்கலாம்ல? எடம் நெறையக் கெடக்கு கடுதாசியில."

கடிதத்தில் இருந்த தேதி தீபாவளிக்கு முந்தின வாரம். அது அவர் கைக்கு வந்து சேர்ந்தது போகியன்று.